கேட்பாரில்லாத நிதி

ஜனவரி 2, திங்கள்

கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்த டைரி. போன வருடத்து டைரியில் பிப்ரவரி முதல் வாரத்தோடு நின்றுபோனேன். அதற்குப் பிறகு என் மனைவி சாந்தாமணி அதில் தோசை மாவு விற்ற கணக்கை எழுதிவிட்டாள். இந்த வருடம் டைரியை ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொள்வதாக முடிவு.

அடுத்த நிதியாண்டுக்கான திட்ட வேலை தொடங்கிவிட்டது. மாவட்டத்தில் ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்கு என்னென்ன செய்ய வேண்டும், அதற்கு அரசிடம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று எழுதி அனுப்புவது எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் பொறுப்பு. அதைக் கணக்காக்கி அடுக்குவது கண்காணிப்பாளர் நாச்சிமுத்துவின், அதாவது என்னுடைய வேலை. உணவு, துணி, படுக்கை, மருத்துவம் என்று எல்லாத் தலைப்பிலும் பணம் போதாமல் இழுபறிதான். ஒன்றே ஒன்றைத் தவிர. அதற்குப் பெயர் வளர்ப்புப் பராமரிப்பு. பெற்றவர்களால் இப்போதைக்குத் தங்களோடு வைத்துக்கொள்ள முடியாத குழந்தையை வேறொரு குடும்பம் சில காலம் தன் வீட்டில் வைத்து வளர்க்கலாம். தத்து அல்ல. செலவுக்கு மாதாமாதம் அரசு பணம் தரும். நல்ல ஏற்பாடு. வருடா வருடம் நிதி வருகிறது. வருடா வருடம் மார்ச் மாதம் அதைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்புகிறோம். பந்தியில் ஒரே ஓர் இலையில் மட்டும் யாரும் உட்காரவில்லை என்றால் பரிமாறுகிறவனுக்கு எப்படி இருக்கும்?

அலுவலர் நசீமா மேடத்திடம் கேட்டேன்.

"ஏன் மேடம், இத மட்டும் யாரும் கேக்கறதே இல்ல?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா, நாச்சிமுத்து? இந்த வருஷமும் செலவு இல்லன்னா தலைப்பையே எடுத்துருவோம்னு சென்னையில சொல்லிட்டாங்க."

பல்லிடுக்கில் பாக்குத் தூள் சிக்கினால் அதை எடுக்கும் வரை நாக்கு அங்கேதான் போகும். எனக்குக் கேள்விகளும் அப்படித்தான்.

ஜனவரி 4, புதன்

கிரைண்டர் பெல்ட் வழுக்குகிறதாம். புதிது வாங்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையனை வளர்க்கிறோம் என்று விண்ணப்பித்துப் பிறகு விலகிக்கொண்டவர் வெள்ளகோவில் மாரப்பன். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். போன் செய்தேன்.

"ஊட்டுல ஒத்துக்கலைங்க."

"ஏனுங்க?"

"அதெல்லாம் போன்ல சொல்ற காரியமில்லீங்க, சார். வெச்சர்றனுங்க."

வைத்தே விட்டார். பெல்ட் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 6, வெள்ளி

இத்தனை வருடமாக இந்தச் செக்‌ஷனில் இருக்கிறேன். பெண் குழந்தைகள் இல்லத்துக்கு இன்றுதான் போனேன். பல்லடத்திலிருந்து தறிக்காரத் தம்பதி ஒன்று காரில் வந்திருந்தது. ஒரு குழந்தையைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள விருப்பம். வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானும் மேடத்தோடு ஒட்டிக்கொண்டேன்.

குழந்தையின் பெயர் இலக்கியா. நாலாம் வகுப்பு. அப்பா இல்லை. அம்மா அஞ்சலாட்சி விழுப்புரம் பக்கத்துக்காரி, இங்கே நூல் மில்லில் வேலை. மில் ஹாஸ்டலில் தங்கல். அங்கே குழந்தைகளுக்கு இடமில்லை. கூடப் பிறந்தவர்கள், சொந்தம் என்று அவளுக்கு யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுப் போவாளாம். அவள் சம்மதம் வேண்டும் என்பதால் இன்று அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அந்த அம்மாள் பொம்மை கொண்டுவந்திருந்தார். இலக்கியா அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்கள நான் என்னான்னு கூப்புடணும்?"

"அம்மான்னே கூப்பிடு, கண்ணு."

குழந்தை திரும்பி அஞ்சலாட்சியைப் பார்த்தது. அஞ்சலாட்சி தரையைப் பார்த்தாள். "அம்மா நானு உயிரோட கீறனே," என்றாள், மெதுவாக.

"சரி, ஆன்ட்டின்னு கூப்பிடட்டும்," என்றார் அந்தக் கணவர்.

அவர் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "தெனமும் தல சீவிச் சோறு போடறவ, ஆன்ட்டின்னு கேட்டுட்டு இருக்கோணுமா?"

சண்டை ஒன்றுமில்லை. மரியாதையாக எழுந்து போய்விட்டார்கள். பொம்மையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

வரும்போது ஜீப்பில் மேடம் சொன்னார். "உத்தரவுல தெளிவா இருக்கே. வளர்ப்புத் தாய், வளர்ப்புத் தந்தை."

"எழுதலாம் மேடம். 'வளர்ப்புத் தாயே, தண்ணி கொண்டா'ன்னு கூப்பிட முடியுங்களா?"

மேடம் சிரிக்கவில்லை. இல்லத்திலிருந்து கிளம்பும்போது இலக்கியா என்னிடம் வந்து, "நீங்க யாரு சார்?" என்று கேட்டதைக் குறித்து வைக்கிறேன். ஆபீஸ் என்றேன். "அங்க இன்னா பண்ணுவீங்க?" என்றாள். ஜீப்பில் ஏறிவிட்டேன்.

ஜனவரி 7, சனி

சாந்தாமணி மாவு வழிக்கும்போது நேற்றைய கதையைச் சொன்னேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் எதற்கும் கிரைண்டரை நிறுத்த மாட்டாள்.

"அப்பறம் அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

"எப்போ?"

"அவங்க எந்திரிச்சுப் போனப்பறம்."

கவனிக்கவில்லை என்றேன். "என்னத்த போனீங்க," என்று கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

ஜனவரி 8, ஞாயிறு

ஒரு தூக்கு மாவை எடுத்துக்கொண்டு சாந்தாமணி இல்லத்துக்குப் போய்விட்டாள். மிச்சமாகிவிட்டதாம். இவளுக்கு மாவு மிச்சமாகி நான் பார்த்ததில்லை.

ஜனவரி 12, வியாழன்

மோசமான செய்தி. இல்லத்தின் கட்டடம் விரிசல் விட்டிருக்கிறது, பழுது பார்க்க நிதி இல்லை. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இந்த இல்லத்தைக் கடலோர மாவட்டத்து இல்லத்தோடு சேர்க்க உத்தரவு. கணக்குப்படி சரியான முடிவு. செலவு குறையும், அங்கே இடமும் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான்.

இலக்கியாவுக்கு மட்டும் அப்படியல்ல. பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும் தூரம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவை வைத்துக்கொண்டு அஞ்சலாட்சி எப்படிப் போய் வருவாள்? இங்கேயே ஒரு குடும்பம் கிடைத்தால் தாயும் மகளும் வாராவாரம் பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை.

அலுவலக அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

மில் ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள், எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இல்லத்திலும் பிள்ளைகள் போய்விட்டார்கள். மிஞ்சியது இலக்கியாவும் அவள் அம்மாவும். சாந்தாமணி இருவரையும் பொங்கலுக்குக் கூட்டிவந்துவிட்டாள். "ஒறம்பரை யாரும் வராத பொங்கல் ஒரு பொங்கலா?" என்கிறாள். எங்கள் மகன் கவினுக்கு பெங்களூரில் லீவு கிடைக்கவில்லை.

பானை பொங்கியது. இலக்கியா கத்திய கத்தில் எதிர் வீட்டு நாய் எங்கேயோ போய்விட்டது.

சாந்தாமணிக்குச் சேலை எடுக்கப் போனபோது தள்ளுபடியில் இன்னொன்றும் எடுத்திருந்தேன். தள்ளுபடி என்பதால்தான். அதை ஒரு தட்டில் மஞ்சள், வெற்றிலை பாக்கோடு வைத்து அஞ்சலாட்சியிடம் நீட்டினேன். அவளுக்குப் பொங்கல் சீர் கொடுக்க ஆளில்லையே என்ற நினைப்பு. அவள் அழுதுவிட்டாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அழாத அம்மணி, இனிமே நான் உனக்கு அண்ணன்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சாந்தாமணி கையில் கரண்டி அப்படியே நின்றது. சந்தோஷம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். சாந்தாமணி பேசவில்லை. காரணம் தெரியவில்லை.

ஜனவரி 17, செவ்வாய்

காரணம் தெரிந்துவிட்டது. சேலையின் விலை என்று நினைத்தேன். இல்லை.

"நீங்க பாட்டுக்கு அண்ணன்னு சொல்லிட்டீங்க. நீங்க அவளுக்கு அண்ணன்னா, அந்தப் புள்ள நம்ம கவினுக்கு என்ன வேணும்?"

யோசித்தேன். "மொறைப்பொண்ணு."

"ஒம்பது வயசுப் புள்ள. அவனுக்கு இருவத்தி மூணு. நாலு பேரு வாய வெச்சுட்டுச் சும்மா இருப்பாங்களா? நாளைக்கு அந்தப் புள்ள இங்க வந்து இருந்துச்சுன்னா..."

"இருந்துச்சுன்னா?"

"ஒண்ணுமில்ல. உளுந்து ஊற வெக்கோணும்."

உளுந்து காலையிலேயே ஊறிவிட்டது. நான் பார்த்தேன்.

ஜனவரி 22, ஞாயிறு

என்னை அண்ணன் பதவியிலிருந்து நீக்கியாயிற்று. மதியம் அஞ்சலாட்சியையும் இலக்கியாவையும் கூட்டிவந்து உட்கார வைத்து, இரண்டு டஜன் கண்ணாடி வளையலும் குங்குமமும் தன் கையால் கொடுத்தாள் சாந்தாமணி.

"இங்க பாரு, அம்மணி. நான் உனக்கு அக்கா. இவரு எனக்கு ஊட்டுக்காரரு, அப்ப உனக்கு மச்சான். அன்னிக்கு இவரு அண்ணன்னு சொன்னது வெவரம் தெரியாம சொன்னது. அது செல்லாது."

"சரிக்கா," என்றாள் அஞ்சலாட்சி. மச்சான் என்று கூப்பிட அவளுக்குக் கூச்சம். சார் என்பதே நிலைத்துவிட்டது.

இலக்கியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. "அப்போ இவங்க எனக்குப் பெரிம்மா," என்றாள். சாந்தாமணி உள்ளே போய் முறுக்கு டப்பாவை எடுத்துவந்தாள்.

மீதிக் கணக்கையும் போட்டிருந்தால் நான் என்ன ஆவேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சாயங்காலம் முழுவதும் சுற்றி வளைத்துப் பேசினாள். "பெரிம்மா காப்பி குடிக்க வரச் சொல்றாங்க," என்பாள், காற்றைப் பார்த்து. அதனால் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

இப்போதெல்லாம் ஞாயிறு என்றால் அம்மாவும் மகளும் இங்கேதான். கவின் அறையிலிருந்த அரிசி மூட்டைகளை மாடிப்படிக்கு அடியில் மாற்றினேன். எலித் தொல்லை.

இலக்கியா மறுபடியும் கேட்டாள். "ஆபீஸ்ல இன்னா வேல?"

"இப்போதைக்குப் பணத்தத் திருப்பி அனுப்பற வேல."

"ஏன், அது கள்ள நோட்டா?"

"நல்ல நோட்டுதான். யாருக்கும் வேண்டாமாம்."

வெகுநேரம் யோசித்தாள். "யாராச்சும் வேணாம்பாங்களா? கேட்டுப் பாத்தீங்களா?"

நசீமா மேடத்தை விட இவள் நன்றாக இன்ஸ்பெக்‌ஷன் செய்வாள்.

பிப்ரவரி 11, சனி

கவின் போன் செய்தான். அவன் அம்மாவோடு பேசி முடித்துவிட்டு என்னிடம், "ஏப்பா, எனக்கு ஒரு தங்கச்சி வரப்போறாளாமே? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?" என்றான்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் முடிவாகலியே," என்றேன். "எனக்கே யாரும் சொல்லல," என்று சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 20, திங்கள்

திட்ட முன்மொழிவை முடித்துத் தரச் சொல்கிறார் மேடம். வளர்ப்புப் பராமரிப்பு என்ற வரியில் பூஜ்ஜியம் போட்டால் வேலை முடிந்தது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். "எதுக்கு?" என்றார். அதுதான் எனக்கும் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? கணினி மெதுவாக இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

சாந்தாமணி இன்று கேட்டுவிட்டாள். சாப்பிட்டு எழுந்ததும், கை கழுவுகிற இடத்தில், பீடிகை எதுவும் இல்லாமல்.

"அஞ்சல, புள்ள இங்கயே இருக்கட்டுமா?"

அஞ்சலாட்சி குழாயை மூடவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சொன்னாள். "அவள விட்டா எனக்கு யாரும் இல்லக்கா. நாலு வருசம் போயி, அவளுக்கு உங்க வூடுதான் வூடுன்னு ஆயிட்டா நானு இன்னா பண்ணுவேன்?"

"அம்மா ஊடு ஒண்ணு, பெரியம்மா ஊடு ஒண்ணு. எல்லாப் புள்ளைகளுக்கும் அப்படித்தானே? நீ ஒரு ரூம்பு பாத்து நல்லா நின்னீன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போ. நானே பொட்டி தூக்கிட்டு வர்றேன்."

"அம்மான்னு கூப்புடச் சொல்ல மாட்டியே?"

"நான் எதுக்குச் சொல்றேன்? பெரியம்மான்னு கூப்பிட ஒரு புள்ள வேண்டாமா எனக்கு?"

அஞ்சலாட்சி குழாயை மூடிவிட்டுத் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் சாந்தாமணி என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். மரியாதைக்கு.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, ஏற்கெனவே கட்டில் விலை விசாரித்திருக்கிறேன்.

மார்ச் 1, புதன்

மேடத்திடம் சொன்னபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு என்னையே பார்த்தார். "நீங்களா? நல்லதுதான். ஆனா உங்க கையெழுத்துல உங்களுக்கே பணம் போகக் கூடாது." அந்தத் தலைப்பின் கோப்பை என்னிடமிருந்து வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். திட்டத்தில் அந்த ஒரு வரியை இனி அவரே எழுதுவார்.

மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, வீட்டுப் பார்வை எல்லாம் வேகமாக நடக்கும் என்கிறார். மார்ச் வந்துவிட்டால் எங்கள் ஆபீஸில் பீரோ கூட ஓடும்.

மார்ச் 10, வெள்ளி

குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜரானோம். எல்லாம் சுமுகம். கடைசியில் குழுத் தலைவர், "மாதாந்திர உதவித்தொகை எந்தக் கணக்குக்கு வரணும்?" என்று கேட்டார்.

"பணமெல்லாம் வேண்டாமுங்க," என்றாள் சாந்தாமணி. "தங்கச்சி புள்ளைக்குச் சோறு போடறதுக்குக் கூலியா வாங்குவாங்க?"

குழுவில் இருந்தவர்கள் கைதட்டாத குறை. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மட்டும் நசீமா மேடத்தைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

வெளியே வந்ததும் சொன்னார். "செலவு இல்லன்னா கணக்குல குடும்பமே இல்லன்னு அர்த்தம். முப்பத்தொண்ணோட தலைப்பு போயிரும். தலைப்பு இல்லாம எந்த உத்தரவுல பிள்ளைய உங்க வீட்ல வைக்கறது? மத்தவங்களோட சேத்து அவளையும் பஸ் ஏத்தணும்."

மார்ச் 11, சனி

வீட்டில் சண்டை. முழுமையான சண்டை.

"வாங்கித்தான் ஆகணும், சாந்தா."

"காசுக்கு வளத்தறான்னு வீதியே பேசும். மாவு வாங்க வர்றவ ஒவ்வொருத்தியும் கேப்பா, மாசம் எவ்வளவு வருதுன்னு. அந்தப் புள்ள காதுல உழுந்தா?"

"யாருக்கும் தெரியாம வாங்கலாம்."

"தெரியாம வாங்கறதுன்னா அது இன்னும் கேவலமில்லீங்களா?"

சட்டினி இல்லாமல் தோசை வந்தது.

மார்ச் 13, திங்கள்

வெள்ளகோவில் மாரப்பனுக்கு மறுபடி போன் செய்தேன். இந்த முறை நேராகவே கேட்டேன். "அந்தப் பணம் காரணமா நீங்க விலகினீங்க?"

"ஆமாங்க. பேரனாட்டம் வளத்தறதுக்குக் கவர்மெண்டுகிட்டச் சம்பளம் வாங்கறான்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துதுங்க. பையன் காதுல உழுந்தா மனசு என்ன ஆகும்? வேண்டாம்னு சொன்னாலும் ஊரு நம்போணுமில்லீங்க."

ஆக, ஜனவரியிலிருந்து பல்லில் சிக்கியிருந்தது இதுதான். சொந்தம் போல் வளர்க்க நினைக்கிறவர்களுக்குப் பணத்தைத் தொடக் கூச்சம். அதையும் மீறி யாராவது வந்தால், அவர்களைக் குழந்தை என்ன உறவு சொல்லிக் கூப்பிடுவது என்பதிலேயே பேச்சு முறிந்துவிடுகிறது. இலையில் உட்கார ஆளில்லாமல் இல்லை. உட்காருகிற ஆள் வெட்கப்பட்டு வாசலிலேயே நிற்கிறார். விடை கிடைத்த சந்தோஷம் கொஞ்சம் கூட இல்லை. விடை என் வீட்டுச் சமையலறையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 16, வியாழன்

இல்லத்தில் பெட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டத் தொடங்கிவிட்டார்களாம். மேடம் சொன்னார். இலக்கியா தன் பெட்டியில் பெயர் ஒட்ட விடவில்லையாம்.

கிரைண்டர் பெல்ட் அறுந்தே விட்டது. வாங்கி மாட்டினேன்.

மார்ச் 19, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

அஞ்சலாட்சி மட்டும் வந்தாள். சாந்தாமணி விஷயத்தைச் சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்ப்பது அபூர்வம். வாங்கினால் மானம் போகும், வாங்காவிட்டால் பிள்ளை போகும், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படிப்பது போல இருந்தேன்.

அஞ்சலாட்சி கேட்டுக்கொண்டே புளியில் கொட்டை எடுத்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, இவளுக்குக் காது குத்தும்போது மடியில உக்கார வைக்க மாமன் இல்ல. கோயில்ல யாரோ ஒருத்தரு மடியில உக்கார வெச்சிதான் குத்துனாங்க. எனக்குத்தான் கூடப் பொறந்தவன் யாரும் இல்லியே. இருந்திருந்தான்னு வெச்சிக்கோ. அவன் உன் வூட்டுக்கு வந்து, எந் தங்கச்சி பொண்ணுக்கு இந்தான்னு காசு குடுத்தா நீ வேணாம்பியா?"

"அதெப்படி வேண்டாம்பேன்? அது சீரு. வேண்டாம்னு சொன்னா அவனுக்குத்தான் அவமானம்."

"அப்போ கவர்மெண்டு எம் பொண்ணுக்கு மாமனா இருந்துட்டுப் போவுது. பொறந்ததுலேருந்து ஒண்ணும் செய்யல. மாசாமாசம் செய்யட்டும்."

சாந்தாமணி மூக்கைச் சிந்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அஞ்சலாட்சியும் சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன், முன்பல் ஒன்று லேசாகத் தூக்கலாக இருக்கிறது. பொங்கலன்று நான் உளறி, ஒரே வாரத்தில் இழந்த மாமன் இடம் அது. காலியாகவே கிடந்தது. அதில் கோட்டையில் இருக்கிற அரசாங்கத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள் ஒரு மில் தொழிலாளி.

"மாமன் சீருன்னா ஒளிக்க வேண்டியதில்ல," என்றாள் சாந்தாமணி, தனக்குத்தானே. "மாவு வாங்க வர்றவகிட்டயே சொல்லலாம்."

"சொல்லுக்கா. ஊரு பூராச் சொல்லு."

நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மார்ச் 22, புதன்

மேடத்திடம் சொன்னேன். "மாமனா?" என்றார். பிறகு, "எங்க வீட்லயும் மாமு செய்யறத வேண்டாம்னு சொன்னா சண்டை வந்துரும்," என்றார்.

மார்ச் 24, வெள்ளி

குழுவின் உத்தரவு கைக்கு வந்தது. மாதாந்திரத் தொகை இலக்கியா பெயரில் தொடங்கிய கணக்குக்கு வரும்.

மார்ச் 26, ஞாயிறு

ஒரு பெட்டி, பள்ளிப் பை, பல்லடத்து அம்மாள் கொடுத்த பொம்மை. கவின் அறைக்குள் போனவள் முதலில் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள், அடுத்து பீரோவை, அடுத்து கட்டிலுக்கு அடியில். "இங்க அரிசி வாசன வருது," என்றாள். அஞ்சலாட்சி தலை பின்னிவிட்டு சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போனாள். பஸ் ஸ்டாப் வரை மூவரும் போனோம். குழந்தை அழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள்.

என்னை இன்னும் ஒன்றும் கூப்பிடவில்லை.

மார்ச் 30, வியாழன்

திட்ட முன்மொழிவு நாளை போக வேண்டும். அந்த வரியில் என்ன எழுதுவது என்று மேடம் கேட்டார்.

"நான் சொல்லக் கூடாது மேடம். நான் பயனாளி."

"அப்ப உங்க வீட்ல கேட்டுச் சொல்லுங்க. அவங்க கவர்மெண்ட் ஆள் இல்லியே."

போன் போட்டுக் கொடுத்தேன். காலையில்தான் முதல் தொகை வந்த குறுஞ்செய்தியைச் சாந்தாமணி பார்த்திருந்தாள். மேடத்துக்கே கேட்கும்படி கத்தினாள். "மாமன் செய்யற சீரு இவ்வளவுதானுங்களா? புள்ளைக்கு ஒரு பள்ளிக்கோடத்து ஷூவுக்கும் நோட்டுக்குமே பத்தாது. ஒரே தங்கச்சி புள்ள, இன்னும் கொஞ்சம் நெறைவாச் செய்யச் சொல்லுங்க!"

மாமன் சீர் என்றால் குறை சொல்லிச் சண்டை போட்டு வாங்க வேண்டும். அதுதான் முறை. அவள் முறை தவறாதவள்.

மேடம் சிரித்து முடித்துவிட்டு எழுதினார்: "நடைமுறைச் செலவினங்களுக்குத் தற்போதைய தொகை போதுமானதாக இல்லை எனப் பயனாளிகள் தெரிவிப்பதால், அதனை உயர்த்தி வழங்கவும், கூடுதல் குடும்பங்களுக்கு ஒதுக்கீடு செய்யவும் பரிந்துரைக்கப்படுகிறது."

கூடுதல் குடும்பங்கள் என்று சும்மா எழுதவில்லை. நான் சீர் கதையைச் சொல்லி வைத்திருந்த மாரப்பனே போன் செய்திருந்தார். "சீருன்னு சொல்லி வாங்கலாமுங்களா, சார்? நெசமாலுமா?" திங்கட்கிழமை மனைவியோடு வருகிறார்.

மார்ச் 31, வெள்ளி

திருப்பி அனுப்பும் நிதிப் பட்டியல் தயார். வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு மாதத் தொகை போக மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. ஆனால் 'செலவு இல்லை' என்று எழுதவில்லை. தலைப்பு பிழைத்தது.

வீடு திரும்பும்போது தெருமுனையிலேயே இலக்கியா நின்றாள். மாவு வாங்க வந்த எதிர் வீட்டம்மா பக்கத்தில். அந்தம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். இவள் இடுப்பில் கை வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள். என் வண்டியைப் பார்த்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓடிவந்தாள்.

"பெரிப்பா! எங்க மாமன் அடுத்த மாசமும் குடுக்குமா? இவங்க நம்ப மாட்டேங்குறாங்க!"

வண்டியை ஸ்டாண்டு போட மறந்து இறங்கிவிட்டேன். அது சாய்ந்து டிபன் டப்பா உருண்டது. கொடுக்கும் என்றேன். கொடுக்காவிட்டால் பெரியப்பா போய்ச் சண்டை போடுவேன் என்றும் சொன்னேன்.